போனுக்கு ஒரு அர்ச்சனை

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். இந்தப் பழமொழியைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தவள்தான் நான். நான்கு வருடம் அதற்குள்ளேயே குடியிருந்த பிறகு சிரிப்பு வருவதில்லை.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு கைப்பேசி நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஊர் உலகமெல்லாம் இரண்டே இரண்டு இயங்குதளங்களில் ஓடும் போன்களை வைத்திருந்தபோது, எங்கள் நிறுவனம் மூன்றாவதாக ஒன்றைச் சொந்தமாகச் செய்துவிட்டு ஆள் தேடியது. என் வேலை செயலி பிடிப்பது. வங்கி, டாக்சி, பார்க்கிங் என்று படியேறி, உங்கள் செயலியை எங்கள் போனுக்கும் செய்துகொடுங்கள் என்று கேட்க வேண்டும். "ஒங்க போனு எத்தன பேருகிட்ட இருக்கு?" என்பார்கள். கடைக்குப் போனால் போன் வாங்க வந்தவர்கள், "இதுல பேங்க் ஆப் இருக்கா?" என்பார்கள். ஆள் இல்லையென்று செயலி வராது, செயலி இல்லையென்று ஆள் வராது. எங்கள் செயலிக் கடையில் டார்ச் லைட் மட்டும் நாற்பது வகை கிடந்தது. இருட்டில் தடுக்கி விழாமல் இருக்கலாம், அவ்வளவுதான் பிரயோஜனம்.

ஊழியர்கள் அந்தப் போனைத்தான் வைத்திருக்க வேண்டும் என்று கட்டளை வேறு. சூலியா தெருவில் காரை நிறுத்தினால் செயலியில்தான் கட்டணம் கட்ட வேண்டும், என் போனில் அது கிடையாது. திரும்பி வருவதற்குள் கண்ணாடியில் சமன், அதுதான் அபராதச் சீட்டு, செருகியிருக்கும். கடைசியில் கைப்பையின் அடியில் சக்களத்தியைப் போல இன்னொரு போனை ஒளித்து வைத்துக்கொண்டேன். "நீயே வச்சுக்காத சாமான ஊருக்கு விக்கிறியே, நல்லா இருக்குடி" என்பார் என் வீட்டுக்காரர். கோபம் பொத்துக்கொண்டு வரும். உண்மையைச் சொன்னால் வராதா பின்னே!

எங்களுக்குச் செயலி எழுத ஆள் தேடியபோதுதான் அந்தத் தம்பியைப் பிடித்தேன். பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது, மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், செபராங் ஜெயாவில் வீடு. "அந்தப் பெரிய போனுங்கள்ல லட்சம் பேரு எழுதுறான், ஒன்ன யாரு பாப்பா? இங்க வா தம்பி, மொத ஆளா இருக்கலாம்" என்றேன். எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. என் வாய்ச்சொல்லை நம்பி நிரந்தர வேலையை விட்டுவிட்டு வந்தான்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் ரதங்கள் புறப்படும்போது பினாங்கு சனம் முழுக்கத் தெருவோரத்தில் உடைக்கத் தேங்காயைக் குவித்துக்கொண்டு நிற்கும். நாள் முழுக்க ஒரே கேள்வி, ரதம் எங்கே வருது? அதை வரைபடத்தில் காட்டும் செயலியை எழுதினான் தம்பி. எங்கள் போனில் மட்டும்தான் கிடைக்கும். "இதுக்காகவே வாங்குவாங்கக்கா, பாருங்க" என்றான். தலைமையகத்தில் பேசினேன். தைப்பூசத்தில் போதுமான பேர் அதை எடுத்தால் அவனுக்கு இரண்டு வருட ஒப்பந்தம் என்றார்கள். அவன் அந்த ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் தொங்கினான்.

ரதம் புறப்பட இன்னும் பதினொரு நாள் இருக்கும்போது மேலாளர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். தளத்தையே மூடப் போகிறார்களாம். தைப்பூச விடுமுறைக்குப் பிறகுதான் அறிவிப்பு. அதுவரை வெளியாள் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் பணிநீக்கத் தொகை கிடையாது. காகிதத்தை நீட்டினார். எனக்கு நாற்பத்தேழு வயது, வீட்டுக் கடன் முடியவில்லை, இந்த வயதில் யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து அலுவலகத்துக்கு வந்தான் தம்பி. "பழைய ஃபேக்டரி சூப்பர்வைசர் போன் பண்ணாருக்கா. திரும்பி வர்றியான்னு கேக்குறாரு. வெள்ளிக்கெழமக்குள்ள சொல்லணுமாம். என்னக்கா செய்யட்டும்?"

போ என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை தொண்டைவரைக்கும் வந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேலாளர் தலை நிமிர்ந்து பார்த்தார். "ரதம் முடியட்டுமே தம்பி" என்றேன். ஐயோ, என் வாயில் புற்று வைக்க! அவன் அதை நல்வாக்காக எடுத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே போனான். வெள்ளிக்கிழமை, வரவில்லை என்று தொழிற்சாலைக்குச் சொல்லிவிட்டான்.

ரத நாள் அன்று ஜாலான் உத்தாமாவில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் நின்றோம். தம்பி தன் செலவில் நூற்றெட்டுத் தேங்காய் வாங்கி அடுக்கியிருந்தான். போனைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி, யாராவது ரதம் எங்கே என்று கேட்க மாட்டார்களா என்று ஏங்கி நின்றான். கேட்டார்கள். அவன் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா தன் போனில் குரூப்பில் வந்த செய்தியைப் பார்த்துவிட்டு, "டத்தோ கிராமாட் ரோட்டத் தாண்டிருச்சுலா!" என்று கத்தினாள். நாலு பேர் நாலு குரூப்பைப் பார்த்து ஆமாம் போட்டார்கள். "பரவாயில்லக்கா, அடுத்த வருசம் நம்ம போன்ல பாப்பாங்க" என்றான். நான் மோர் ஊற்றுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முதல் ரதம் வந்து நின்றது. அர்ச்சனைத் தட்டுகளை ஏந்திக்கொண்டு சனம் முண்டியடித்தது. எங்கள் ஊரில் கடைக்கும் லாரிக்கும்கூட அர்ச்சனை உண்டு. ஓடுகிற எதன் பேரையும் சொல்லலாம். செத்தவர் பேரை மட்டும் அர்ச்சனைக்குக் கொடுக்கக் கூடாது. அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மேலிருந்து ஐயர் குனிந்து தம்பியின் தட்டை வாங்கினார். "பேரு, நட்சத்திரம்?"

தம்பி எங்கள் போனின் பேரைச் சொன்னான்! ஐயர் அசரவில்லை, எத்தனை லாரியைப் பார்த்தவர். "நட்சத்திரம்?" என்றார். தம்பி என் பக்கம் திரும்பினான். "அக்கா, நம்ம போனு எந்தத் தேதியில வெளியாச்சு? சீக்கிரம் சொல்லுங்க, நட்சத்திரம் பாத்துர்றேன்." அவனே எழுதிய பஞ்சாங்கச் செயலி அந்தப் போனில் திறந்திருந்தது.

நான்கு வருடமாக அலுவலகம் அலுவலகமாக ஒப்பித்த தேதி. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். முருகன் முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"அந்தப் பேருக்கு வேணாம் தம்பி."

"ஏங்கா?"

"வேணாம்னா வேணாம். ஒன் குடும்பத்துப் பேரச் சொல்லு."

அவன் என்னையே பார்த்தான். "சீக்கிரம்ப்பா, ரதம் நகருது" என்றார் ஐயர். தம்பியின் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு அவன் தன் இரண்டு மகள்களின் பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னான். தன் பேரைச் சொல்லவில்லை.

ரதம் நகர்ந்தது. திரும்பி வந்த தட்டைப் பந்தல் மேசையில் வைத்தான்.

"எப்பலேருந்துக்கா தெரியும்?"

"பதினொரு நாளா."

விரல்விட்டு எண்ணினான். பாவி, நாட்களை எண்ணினான். "அப்ப அந்த வெள்ளிக்கெழம..."

"அப்பவும் தெரியும்."

ஒரு கெட்ட வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். அவன் குவியலிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து என் கையில் வைத்தான்.

"அடுத்த ரதம் வருது. ஒடைங்கக்கா, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."