‘இது யாருடையது?’ என்று கேட்கிற மொழி

ஏரியூரில் மதியச் சாப்பாடு முடித்து, களி கிண்டிய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு மொட்டை மாடிக்கு ஏறினால், மடிக்கணினித் திரையில் ஜெர்மனி அலுவலகத்துக்காரர்கள் வரிசையாக எனக்குக் காலை வணக்கம் சொல்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் காபி இன்னும் ஆறவில்லை. எனக்கோ உண்ட மயக்கம். நானும் கண்ணைக் கசக்கிக்கொண்டு “குட்டன் மோர்கன்” என்கிறேன். “இந்நேரத்துக்கு யாருக்கு புள்ள வணக்கம் வெக்கற?” என்று கீழேயிருந்து அம்மா கேட்பாள். ஜெர்மனியில் இருக்கும்போது ஊருக்குப் போன் போடுகையில் மட்டும்தான் இந்த நேரக் குழப்பம் வரும். இப்போது சொந்த வீட்டு மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்துகொண்டு, இது காலையா மதியமா என்று முழிக்கிறேன். தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல் நிற்கிறது.

வந்த காரணம் அம்மாவின் கண். இரண்டிலும் புரை. வலது கண்ணுக்குத் தருமபுரியில் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. இடது கண்ணுக்கு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் முடியும்வரை இங்கிருந்தே வேலை செய்கிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டு வந்தேன். கூடவே ஒரு வில்லங்கத்தையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தேன். அதன் பெயர் ரஸ்ட். புதிதாக வந்து எல்லாரையும் ஆட்டிப் படைக்கும் நிரல் மொழி. இருபது வருடமாக நான் எழுதிச் சோறு தின்றது ஜாவாவில். முதலில் பெங்களூரு, இப்போது மூன்று வருடமாக ஜெர்மனி. நான் வேலை பார்க்கும் பழைய மென்பொருளை வருடக் கடைசியில் மூடப்போகிறார்கள். ரஸ்ட் எழுதத் தெரிந்தவர்களுக்குப் புதிய அணியில் இடம் உண்டு. தெரியாதவர்களுக்குக் கைகுலுக்கி விடை கொடுப்பார்கள். என் வேலையைத் தொட்டுத்தான் கணவருக்கும் மகளுக்கும் விசா. நான் தேறாவிட்டால் குடும்பமே மூட்டை கட்ட வேண்டும்.

தம்பி முருகேசனுக்கு இது விளங்கவே இல்லை. அவன் லாரி ஓட்டுகிறான். தொப்பூர் கணவாயில் இறங்கி ஏறுவதே அவன் பிழைப்பு. “பத்துச் சக்கரம் ஓட்டறவனுக்குப் பன்னெண்டு சக்கரம் ஓட்டத் தெரியாதாக்கா? எல்லாம் கம்ப்யூட்டருதான?” என்றான். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வேலைக்கு வந்த எத்தனையோ பிள்ளைகளிடம் நானே இதைச் சொல்லியிருக்கிறேன். ஒரு மொழி தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று. வரவில்லை. வாரங்கள் போய்க்கொண்டே இருக்கின்றன.

வரிகளின் அமைப்பு இரண்டு நாளில் பழகிவிட்டது. புத்தி பழகவில்லை, அதுதான் சிக்கல். ஜாவாவில் ஒரு தகவலை உருவாக்கினால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் புழங்கலாம். தேவை தீர்ந்ததும் அதைச் சுத்தம் செய்ய ஓர் ஏற்பாடு பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அதைப்பற்றி நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. ரஸ்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சொந்தக்காரர். கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான், மறுபடி தொட முடியாது. இரவல் தரலாம், ஆனால் அதற்கும் ஆயிரம் சட்டம். ஒரு வரி பிசகினாலும் நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் ஓட விடாது. சிவப்பு எழுத்தில் திட்டும். நாற்பத்தாறு வயதில் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் ஏற்றி நிற்க வைத்த மாதிரி அவமானமாக இருக்கிறது.

ஆனால் அதன் வாயை அடைக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். குளோன். சண்டை வரும் இடத்தில் அந்தச் சொல்லைப் போட்டால், தகவலுக்கு ஒரு நகல் எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடும். கம்பைலர் கப்சிப். சிவப்பு வந்த இடமெல்லாம் போட்டேன். நிரல் ஓடியது. எனக்கே என் முதுகைத் தட்டிக்கொள்ளத் தோன்றியது.

புதிய அணிக்கு என்னைத் தேர்வு செய்யலாமா என்று சொல்ல வேண்டியவர் ஆங்க என்கிற ஜெர்மன்காரர். என் வயதுக்காரர், அதிர்ந்து பேசமாட்டார். நான் எழுதியதைத் திரையில் மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். “இது யாருடையது?” என்று ஒரு தகவலைக் காட்டிக் கேட்டார். “எல்லாருக்கும் வேண்டியது” என்றேன். “அதைக் கேட்கவில்லை. யாருடையது?” இப்படியே ஒவ்வொரு நகலுக்கும் கேட்டார். நான் “யெஸ், யெஸ்” என்று தலையாட்டிக்கொண்டே இருந்தேன். நம் ஊரில் அதற்கு ‘சொல்லுங்க, கேட்டுக்கிட்டிருக்கறேன்’ என்று அர்த்தம். அவர் எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்து அடுத்ததற்குப் போனார். கடைசியில் என்னையே விளக்கச் சொல்லி, நான் முழித்தபோதுதான் உண்மை தெரிந்து கண்ணாடியைக் கழற்றினார். “நீ புரிந்துகொண்டு எழுதவில்லை. அதைச் சமாதானப்படுத்த எழுதியிருக்கிறாய்” என்றார். இது ஒரு சின்ன கருவிக்குள் ஓட வேண்டிய நிரல், இத்தனை நகலை அதன் நினைவகம் தாங்காது.

சமாதானப்படுத்தத்தான் செய்தேன். எங்கள் வீட்டு வழக்கமே அதுதானே? எனக்குக் காது குத்தும்போது முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு மாமன்களும் முறைத்துக்கொண்டு நின்றார்களாம். அம்மா யார் உரிமை என்ற பேச்சையே எடுக்கவில்லை. தட்டு இரண்டு, மாலை இரண்டு, வேட்டி துண்டு இரண்டு. ஒரே நேரத்தில் இருவர் கையிலும் கொடுத்து உட்கார வைத்துவிட்டாள். ‘இது யாருது?’ என்று எங்கள் வீட்டில் ஒருவர் வாய்விட்டுக் கேட்டால், பாகம் பிரிக்க நாள் பார்த்தாகிவிட்டது என்று பொருள். அந்தக் கேள்வியை வரிக்கு வரி கேட்கிற மொழியிடம் வந்து மாட்டிக்கொண்டேன்.

நகல்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தேன். ஒன்றை நீக்கினால் நான்கு இடத்தில் சிவப்பு. எரிச்சலில் மடிக்கணினியைப் பட்டென்று மூடிவிட்டு, அம்மாவுக்குச் சொட்டு மருந்து ஊற்றப் போனேன். கோபத்தில் அவசரமாக ஊற்றியதில் மருந்து கன்னத்தில் வழிந்தது. அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த முறை ஆங்க பார்த்தபோது பாதிதான் தேறியிருந்தது. “புதிய அணிக்கு உன் பெயரைச் சொல்ல எனக்கு இன்னும் துணிவில்லை. ஆனால் வழி இருக்கிறது. திங்கட்கிழமை முதல் இங்கே வந்து என் பக்கத்தில் உட்கார். தூரத்திலிருந்து இது வராது” என்றார். அம்மாவின் இடது கண்ணைப் பற்றிச் சொன்னேன். “அம்மா யாருடைய பொறுப்பு? உன்னுடையது மட்டும்தானா?” என்று கேட்டார். அவர் விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

அன்று சாயங்காலம் முருகேசனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். இத்தனை வருடத்தில் ஒருமுறையும் கேட்காதது. “நான் கெளம்பிட்டா அம்மாவை யாருடா பாத்துக்கறது?”

லாரியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இதென்னாக்கா கேள்வி? இத்தினி நாளும் யாரு பாத்துக்கிட்டிருந்தது?”

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். தினமும் வீடியோவில் முகம் காட்டுவதும், மருந்து சாப்பிட்டாயா என்று கேட்பதும் இந்த வீட்டில் நானும் இருப்பதற்குச் சமம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வைத்தேன். அழுகை வந்தது.

பெங்களூரு விமான நிலையத்துக்குப் போக வண்டி வந்து நின்றது. முருகேசன் பெட்டியை ஏற்றினான். அம்மா வாசல்வரை வந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த கருப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு கையால் இடது கண்ணைப் பொத்தி என்னைப் பார்த்தாள். பிறகு அறுவை முடிந்த வலது கண்ணைப் பொத்தினாள். மறுபடியும் இடது.

“என்னாம்மா பண்ற?”

“இந்தக் கண்ணுல பாத்தா எம் புள்ள கிட்டக்க நிக்குது. அந்தக் கண்ணுல பாத்தா யாரோ வந்துட்டுப் போறாப்புல இருக்குது” என்று சிரித்தாள்.

வண்டி கிளம்பியது. எந்தக் கண்ணால் என்னை வழியனுப்புகிறாள் என்று தெரிந்துகொள்ளத் திரும்பிப் பார்த்தேன். அவள் கருப்புக் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.