நாற்றுகளுக்கு நோய் கொடுத்தவள்

என் மனைவியின் தங்கையை வீட்டில் எமகாதகி என்றுதான் கூப்பிடுவோம். பெயருக்கேற்ற வேலை. ஊரில் எல்லோரும் செடிக்கு மருந்து ஊற்றுவார்கள். இவள் ஆப்பிள் ஆராய்ச்சிப் பண்ணையில் நாற்றுகளுக்கு நோயை ஊற்றிச் சம்பளம் வாங்கினாள்.

ஆப்பிள் மரம் என்பதே ஒட்டு வேலைதான். கீழே ஒரு செடியின் வேர், மேலே இன்னொன்றின் கிளை. தின்கிறவன் மேலே இருப்பதைத்தான் கேட்டு வாங்குவான். கீழே இருக்கும் வேர்ச்செடி அழுகினால் எப்பேர்ப்பட்ட ரகமும் குப்பைக்குத்தான் போகும். எங்கள் தோட்டத்தின் கீழ்ச்சரிவில் அந்த வேரழுகல் குடித்தனமே நடத்தியது. தண்ணீர் தேங்கும் களிமண். வைத்ததெல்லாம் செத்தது.

வேரழுகலுக்கு மசியாத ஒரு வேர்ச்செடியைப் பிறப்பிப்பது அவள் கனவு. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தூக்கத்தில் வருமாம். தேநீர் ஆறிக்கொண்டிருக்க, எங்கள் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து சொல்வாள்: மண்ணுக்கடியில் நடந்து போகிறாளாம், இருட்டில் வேர்கள் ஒன்றையொன்று தடவிப் பார்த்துக்கொண்டு வழிவிடுகின்றனவாம். போன பிறவியில் மண்புழுவாக இருந்திருப்பாய் என்பேன். சிரிப்பாள். கண் மட்டும் இங்கே இருக்காது.

பூக்காலத்தில் சின்னத் தூரிகையோடு ஏணியில் ஏறி, ஒரு மரத்து மகரந்தத்தை இன்னொரு மரத்துப் பூவில் தடவுவாள். தேனீக்கள் நடுவில் புகுந்து காரியத்தைக் கெடுக்காதபடி காகிதப் பை கட்டுவாள். மரத்துக்கெல்லாம் கல்யாணத் தரகு பார்க்கிறாள், தனக்கு ஒன்று பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்று என் மனைவி குறைப்படுவாள். அவளோ தலையில் வெள்ளை இதழ்கள் ஒட்டியிருப்பது தெரியாமலே வீடு வந்து சேர்வாள்.

அந்தப் பழத்து விதைகள் கண்ணாடிக் கொட்டகையில் நாற்றாகும். அழுகல் கலந்த தண்ணீரை ஊற்றுவாள். காலையில் வரிசை வரிசையாகத் தலை தொங்கிக் கிடக்கும். செத்ததைப் பிடுங்கிவிட்டு, பிழைத்ததற்கு மறுபடி ஊற்றுவாள். வருடங்கள் இப்படியே போயின. கடைசியில் எவ்வளவு ஊற்றியும் தலை சாயாமல் ஒன்று நின்றது. அதன் அடியில் மண் அணைத்து, கிளைகளில் வேர்விட வைத்துப் பெருக்கினாள். அவற்றின் மேல் நல்ல ரகக் குச்சியை ஒட்டினாள். ஒரு நாள் ஈரச் சாக்கில் சுற்றிய கன்றுகளோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, உங்க தோட்டத்துலயே ரொம்ப மோசமான இடம் எது?"

கீழ்ச்சரிவைக் காட்டினேன். மண்ணைத் தொடக்கூடாது, வாய்க்கால் வெட்டக்கூடாது, இங்கே பிழைத்தால்தான் எங்கேயும் பிழைக்கும் என்று கண்டிப்பாகச் சொல்லி நட்டுவிட்டுப் போனாள்.

கன்றுகள் மளமளவென்று வளர்ந்தன, பூத்தன, காய்த்தன. பண்ணை அதிகாரிகள் வந்து பார்த்துத் தலையாட்டினார்கள். அடுத்த நடவுக்கு எல்லாத் தோட்டக்காரர்களுக்கும் இந்தக் கன்றையே கொடுப்பது என்று முடிவானது. எமகாதகிக்குக் கால் தரையில் பாவவில்லை. என் மனைவிக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஒரு மத்தியானம் தங்கையை உட்காரவைத்துச் சொன்னாள்.

"நான் மண்ண மாத்திட்டேன்டி."

நட்ட மறுநாள் நான் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், கன்றுகளைச் சுற்றியிருந்த களிமண்ணை வாரிக் கொட்டிவிட்டு, மேல்சரிவின் நல்ல மண்ணை நிரப்பியிருக்கிறாள். தண்ணீர் வடியக் கீழே கல்லும் பரப்பியிருக்கிறாள். தங்கையின் ஆயுசு முழுக்க அந்தக் குச்சிகளில் இருக்கும்போது கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லையாம். உபகாரம் செய்யாவிட்டாலும் உபத்திரவம் செய்யாமல் இருக்கக்கூடாதா என்று நான் கத்தினேன். அவள் கையால் சோறு வேண்டாம், என் மனைவியின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

விஷயம் எங்கள் மூவருக்குள்தான். வாயை மூடிக்கொண்டால் தீர்ந்தது.  எமகாதகி எழுந்து பண்ணைக்குப் போன் செய்து, கன்றுகளைக் கொடுக்காதீர்கள், சோதனை தப்பு என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு கீழ்ச்சரிவுக்கு இறங்கினாள். என் மனைவி பின்னாலேயே ஓடினாள்.

கல்லைப் பெயர்த்தார்கள். நல்ல மண்ணைக் கிளறி எடுத்தார்கள். செத்த மரங்களின் குழியிலிருந்து நாறும் சேற்றை வாரி, புது மரங்களின் காலடியில் அப்பினார்கள். அக்காளுக்கு அழுகை நிற்கவில்லை.

"செத்துட்டா என்னடி பண்றது?"

"செத்தா இங்கயே சாகட்டும்க்கா. யாரோ ஒருத்தர் தோட்டத்துல போய்ச் சாகக்கூடாது."

மழை பெய்து ஓய்ந்தது. மற்ற மரமெல்லாம் பச்சையாக நிற்கும்போதே அந்த வரிசை மட்டும் சிவக்கத் தொடங்கியது. வேர் அழுகிய மரம் முந்திக்கொண்டு சிவக்கும். ஆப்பிள் வைத்திருக்கும் வீட்டில் யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் என்ன அழகு! மாலைப் பனிமூட்டத்துக்குள் மரங்கள் செம்பு நிறத்தில் தாமே ஒளிவிட்டன. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, கொடுத்துவைத்தவர்கள் நீங்கள் என்று சொல்லிப் போனார்கள். 

நாங்கள் மூவரும் வரிசையின் நடுவே நின்றோம். இலைகள் ஒவ்வொன்றாக எங்கள் மேல் விழுந்தன. எமகாதகி அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ மட்டும் சொல்லாம இருந்திருந்தேன்னா, இந்தச் சிவப்பு எல்லார் தோட்டத்துலயும் வந்திருக்கும்க்கா."

என் மனைவி, தங்கையின் தலையில் ஒட்டியிருந்த இலையை எடுத்துவிட்டாள்.