ஆசிட் ஊற்றிக் கழுவிய கல்

அந்தக் கல்லைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது. ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு தோட்டத்தில் கிணறு வெட்டியபோது வெடி வைத்து எடுத்த கருங்கல் அது. தேங்காய் அளவு இருக்கும். உள்ளே சல்பைடு துளிகள் இருந்தன. என் முனைவர் பட்ட ஆய்வே அந்தத் துளிகளை நம்பித்தான்.

பாறை குழம்பாக உருகிக் கிடந்த காலத்தில், ரசத்தில் எண்ணெய் ஒட்டாமல் நிற்பதுபோல, கந்தகமும் இரும்பும் சேர்ந்த குழம்பு தனித் துளியாகப் பிரிந்துவிடும். தங்கம், பிளாட்டினம், பல்லேடியம் எல்லாம் பாறைக் குழம்பை விட்டுவிட்டு அந்தத் துளிக்குள் ஓடிவிடும். பிறகு துளி ஆறும். முதலில் நடுவில் இரும்பு சல்பைடு படிகமாகும். அது இரிடியத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு தங்கத்தையும் பல்லேடியத்தையும் வெளியே தள்ளும். தள்ளப்பட்டவை மிச்சக் குழம்போடு ஒதுங்கி, கடைசியில் செம்பு சல்பைடு உறையும் ஓரத்துக்குப் போய்ச் சேரும். எது எதில் எவ்வளவு தங்கியது என்று அளப்பதுதான் என் வேலை. அதற்கு நடுவும் வேண்டும், ஓரமும் வேண்டும்.

கல்லூரிக்கு ஆய்வுக் குழு வரப்போகிறது என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் கண்ணாடி அலமாரியை நிரப்பக் கிளம்பினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்லை எடுத்துக்கொண்டுபோய், அவர் அப்பாவின் கல்லறைக்குக் கல் செய்த பட்டறையில் மெல்லிய பில்லைகளாக அறுத்து மெருகேற்றக் கொடுத்துவிட்டார். கல்லறைத் திருநாள் நெருங்கும் சமயம். திண்டுக்கல்லில் அப்போது பட்டறைக்குப் பட்டறை ஆசிட் கேனோடுதான் நிற்பார்கள். கல்லறைக் கல்லில் துரு தெரிந்தால் ஆசிட் ஊற்றித் தேய்ப்பது அவர்கள் வழக்கம்.

விஷயம் தெரிந்து நான் ஓடியபோது பில்லைகள் கண்ணாடியாக மின்னின. துளிகள் இருந்த இடமெல்லாம் பொத்தல்.

"என்னாக்கா கல்லு இது? துருவா இருக்கேன்னு ஆசிட்ட ஊத்துனேன், அழுகுன முட்ட கணக்கா நாறிப்போச்சு. பக்கத்துக் கடைக்காரன் சண்டைக்கே வந்துட்டான்" என்றார் பட்டறைக்காரர்.

நாறியது என் இரும்பு சல்பைடு. அவரைத் திட்டி என்ன ஆகும்? சொன்னதைச் செய்தார். பில்லைகளை எடுத்துக்கொண்டு நேரே கல்லூரிக்குப் போனேன்.

"ஏம்மா இந்தக் கத்து கத்துற? தங்கம் அந்த ஆசிட்ல கரையாதுல்ல? ஓரத்துல மஞ்சளா செம்பு சல்பைடு அப்பிடியே இருக்கு பாரு" என்றார் பேராசிரியர்.

"நான் என்ன நகைக்கடையா வச்சிருக்கேன் சார்? நடுவுல இருந்தது எங்க?"

"வெளிநாட்டுக்காரன் கட்டுரையில போட்ட எண்ணு இருக்குல்ல. அத எடுத்து நடுவுக்குப் போட்டுரு. யாரு வந்து பாக்கப்போறா?"

பாடம் நடத்தும்போது அளக்காததை எழுதாதே என்பார் இதே மனுஷன். என் மூன்று வருட உழைப்பில் பாதியைச் சாக்கடையில் விட்டுவிட்டு, மீதிப் பாதிக்கு இரவல் எண் வாங்கச் சொல்கிறார். போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஒட்டன்சத்திரத்துக்கு பஸ் ஏறினேன்.

அந்தத் தோட்டத்தில் கிணற்றுக் கல்லை எல்லாம் ஜல்லிக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்றே ஒன்று கிடந்தது. அதன்மேல் தோட்டக்கார அம்மா வேட்டியை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார்.

"தொவைக்கிற கல்லக் கேக்கறீங்களே, நல்லா இருக்குதுங்களா? தங்கம் இருக்குதுன்னு சொல்றாங்க, நெசமுங்களா?"

"இருக்கும்மா. லாரி லாரியா அரைச்சாலும் ஒரு மூக்குத்தி தேறாது."

"அப்பறம் எதுக்குங்க இந்த வெய்யில்ல அலையறீங்க?"

ஒரு மூலை மட்டும் என்று கெஞ்சினேன். அவர் வேட்டியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். சுத்தியலால் அடித்தேன். முதல் சில்லில் ஒன்றுமில்லை. இரண்டாவது சில்லில் சுண்டைக்காய் அளவு ஒரு துளி. நடுவில் வெண்கல நிறம், ஓரத்தில் மஞ்சள். சோப்புத் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. ஒரே ஒரு துளி, அதுவும் போதுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் பேராசிரியர் போன் அடித்தார். "அந்த எண்ணையே நடுவுக்குப் போட்டுப் பத்திரிகைக்குக் கட்டுரைய அனுப்பப்போறேன்மா. ஒன் பேரையும் போட்டுட்டேன், சந்தோஷமா?"

"என் பேர எடுங்க சார். எடுக்கலேன்னா அந்தப் பத்திரிகைக்கு நானே எழுதுவேன், நடுவுல உள்ளது நாங்க அளந்தது இல்லேன்னு."

"அப்ப ஒன் பட்டம்?"

"அளந்துட்டு வாரேன்" என்று வைத்துவிட்டேன்.

அந்த அம்மா கல்லில் கை வைத்து அழுத்திப் பார்த்தார். "ஏனுங்க, இப்பக் கல்லு ஆடுதுங்க. முட்டுக் குடுத்துட்டுப் போங்க."

முதல் சில்லை அடியில் செருகி, ஆடாமல் நிற்கும்வரை அடித்தேன்.