மணலில் தட்டிய ஃபெரி

மலேசியாவின் தியோமான் தீவில் ஒரு விடுதிச் சமையலறையில் வேலை கிடைத்து, மெர்சிங் படகுத்துறையில் ஃபெரி ஏறினேன். கடலில்லாத லாபிஸ் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு நீச்சல் தெரியாது. கடல்நீர் வடியத் தொடங்கியிருந்தும் படகோட்டி கிளம்பிவிட்டார். ஆற்றுவாயில் படகின் அடிப்பாகம் மணலில் தட்டி நின்றது. அலை பக்கவாட்டில் அறைய, படகு சாய்ந்தது.

மிதவைச் சட்டைகளை யாரும் கலைக்காமலிருக்க ராஃபியா என்ற பிளாஸ்டிக் கயிற்றால் மூட்டையாகக் கட்டிவைத்திருந்தார்கள். முடிச்சு அவிழவில்லை.

பக்கத்து இருக்கை அக்கா மலாய் கலந்து பதறிக் கத்தினார்: “அலமாக், பல்லால கடி லா, தம்பி!”

கடித்து அறுத்தேன். அவருக்கு ஒன்றைக் கொடுத்து, நானும் ஒன்றை மாட்டிக்கொண்டேன். சில மணி நேரம் கழித்து நீர் ஏறிப் படகு மிதக்கும்வரை, என் சமையல் வேலையைப் பற்றி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தீவில் இறங்கும்போது சட்டையைத் திருப்பிக் கேட்டார்கள். நான் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

“இதப் போட்டுக்கிட்டேவா சமைக்கப் போற?” என்று அந்த அக்காதான் கொக்கியைக் கழற்றினார்.