லாஞ்சு லோகு குடிக்கவே இல்லையாம்!

ஒரு மனுஷன் குடிகாரன் இல்லை என்று தெரிந்ததற்காக யாராவது உங்கள் கடை ஷட்டரை உதைத்திருக்கிறார்களா? என் கடையில் உதைத்தார்கள். சீடி வாடகைக் கடை என்பது படத்துக்கு வாடகை வாங்கிக்கொண்டு, திட்டை இலவசமாக வாங்கிக்கொள்ளும் தொழில். கதாநாயகி கடைசியில் செத்துப்போனாலும் நம்மைத்தான் கேட்பார்கள், பாதிப் படத்தில் கரண்டு போனாலும் நம்மைத்தான் கேட்பார்கள். கடை வைத்துப் பிழைக்கும் அக்கா தங்கைகளுக்கு நான் சொல்லாமலே இது புரியும். ஆனால் செத்துப்போன ஒருத்தர் ஒழுக்கமாக வாழ்ந்துவிட்டதற்காக நான் வாங்கிய திட்டு உங்கள் யாருக்கும் வாய்த்திருக்காது.

திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க வரிசை கட்டி நிற்கிற நெடுஞ்சாலை ஓரம் என் கடை. வீட்டுக்கு வீடு விசிடி பிளேயர் வந்த புதுசு. ஒரு கை கல்லாவில், ஒரு கை பாப்பாவின் தூளியில். லாஞ்சு லோகு என்றால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் தெரியாத ஆள் கிடையாது. காசிமேட்டில் மீன் பிடிக்கிற லாஞ்சில் வேலை செய்தவர், கானா பாட்டுக்காரர். எங்கள் வந்தவாசிப் பக்கம் சாவு என்றால் பெண்கள் ஒப்பாரி வைப்போம். இங்கே ஆண்கள் டோலக்கு தட்டிக் கானா பாடுவார்கள் என்பதே கல்யாணமாகி வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். லோகுவின் பாட்டெல்லாம் குடியைப் பற்றி. பாடும்போது ஒரு பக்கமாகத் தள்ளாடுவார். நாற்பது வயசுகூட ஆகாமல் செத்துப்போனார். குடித்துக் குடித்தே செத்தார் என்பார்கள், அதையும் ஏதோ பட்டம் வாங்கின மாதிரி பெருமையாகச் சொல்வார்கள். நினைவு நாளைக்கு ரசிகர் மன்றத்தார் கல்லறைக்குப் போய்த் தலைமாட்டில் ஒரு குவார்ட்டரை ஊற்றிவிட்டு வருவார்கள்.

எங்கள் வீட்டுக்காரர் ஏழுமலை கன்டெய்னர் யார்டில் வெல்டர், மீதி நேரம் லோகுவின் பக்தர். சாவு வீடுகளில் பாடக் கூப்பிடுவார்கள். போவதற்கு முன் கொஞ்சம், பாடி முடித்ததும் கொஞ்சம் என்று இருந்த குடி, சாவு விழாத நாளிலும் 'பிராக்டீஸ்' என்று வளர்ந்துவிட்டது. காலையில் வெல்டிங் பிடிக்கிற கை ஆடியது. இன்னொரு தரம் இப்படி வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று போர்மேன் சொல்லியாயிற்று. நான் அழுதாலும் கத்தினாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "லோகண்ணன் குடிக்காமயா பாடுனாரு?" இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சீடி வந்தது.

கஞ்சிக் கரண்டி

பாரீஸ் கார்னர் மொத்த வியாபாரி புதுப் படங்களோடு ஒன்றைச் சேர்த்து அனுப்பியிருந்தார். காலேஜ் பையன்கள் ரெண்டு பேர் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து லோகுவைப் பற்றி எடுத்த டாக்குமென்டரி. அமெரிக்காவில் கறுப்பர்கள் தாளத்துக்குப் பேச்சுப் பேச்சாகப் பாடும் 'ராப்' மாதிரி நம் வடசென்னைக்கு இவர் என்று ஒரு குரல் ஆரம்பித்தது. பழைய கல்யாண வீடியோவில் லோகு கையில் கிளாஸோடு பாடினார். சரி, நம் வீட்டுச் சாமிக்கு இன்னும் கொஞ்சம் சாம்பிராணி போடப்போகிறார்கள் என்று நினைத்தபடி நான் பாப்பாவுக்குக் கேழ்வரகுக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்து லோகுவின் மனைவி வந்தார். ஹவுசிங் போர்டு மாடிப்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே பேசினார். கேமராவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த கரண்டி பாப்பாவின் வாய்க்குப் போகிற வழியிலேயே நின்றுவிட்டது. பாப்பா கத்தியது. நான் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். மறுபடியும் அதையேதான் சொன்னார்: "குடியா? அந்த வாசனையே ஆவாது அவுருக்கு, கொமட்டிக்கினு வரும். கிளாஸ்ல கலர் சோடா ஊத்திக்கினு போவாரு. வூட்டுக்கு வந்தா நீராகாரம் கேப்பாரு. ஒரு நாளும் தொட்டதில்ல."

மாத்திக் கொடுத்துட்ட!

முதலில் எடுத்துப்போனவர் டிரெய்லர் டிரைவர் தாஸ். முன் கண்ணாடியில் முருகன் ஒரு பக்கம், லோகு ஒரு பக்கம் ஒட்டி வைத்திருப்பவர். லாரி வரிசை நகரவே இல்லை, பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று பக்கத்துத் தெருவில் தோஸ்து வீட்டுக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. சீடியை மேஜையில் வைக்கவில்லை, போட்டார்.

"இன்னாமே, மாத்திக் குடுத்துட்ட" என்றார். அதே லோகுதான், அதே முகம்தான் என்று அட்டையைக் காட்டினேன். விஷக் காய்ச்சலில் செத்தார் என்று டாக்டர் சொல்வதுகூட உள்ளே இருக்கிறதே என்றேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. காய்ச்சலா, எங்கள் அண்ணனுக்கா என்று கண் கலங்கிவிட்டார். வரிசை நகர்ந்து பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். ஓடுகிறவர் நின்று திரும்பிச் சொன்னார்: "டூப்ளிகேட் சீடி குடுப்பாங்கோ, கேள்விப்பட்டுகீறேன். டூப்ளிகேட் ஆளையே புட்ச்சி உள்ள போட்டுக் குடுக்குற ஒரே கடை உன்னுதுதான்மே!"

பாடைக்கு முன்னால்

இங்கே சாவு ஊர்வலத்தில் பாடைக்கு முன்னால் ஆடுகிற பையன்கள் ஒரு செட் உண்டு. லோகு தள்ளாடுகிற மாதிரியே இடது பக்கம் சாய்ந்து, விழப்போய், விழாமல் நிமிர்வார்கள். அதற்குப் பெயரே லோகு ஸ்டெப். அதில் ராஜா என்கிற பையன் கெட்டிக்காரன். அவன் ஆடினால் எதிரே வருகிற பஸ்ஸே நின்றுவிடும். செட்டோடு வந்து என் கடை டிவியிலேயே படத்தைப் போடச் சொன்னான்.

படத்தில் லோகுவின் மனைவி, அவர் போட்டிருந்த ஒரு ஜோடி செருப்பை எடுத்துக் காட்டினார். வலது செருப்பு நம்முடையது மாதிரிதான். இடது செருப்புக்கு மட்டும் அடியில் தோல்மேல் தோலாக வைத்துத் தைத்து உயர்த்தியிருந்தது. லாஞ்சுக்கும் கரைக்கும் நடுவில் கால் மாட்டி நசுங்கியதாம். அதற்குப் பிறகு ஒரு கால் குட்டை. மேடையில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாடுவாராம், அதனால்தான் அந்தச் சாய்வு. பையன்கள் ஒருத்தன் காலை ஒருத்தன் பார்த்துக்கொண்டார்கள். ராஜாதான் கடைசியில் வாயைத் திறந்தான்: "அப்போ இத்தினி வருசமா பொணத்துக்கு முன்னாடி நாங்க நொண்டிக்கினா போனோம்?"

எலிசா அக்காவின் வாடகை

ஆண்கள் திட்டத் திட்ட, பெண்கள் வர ஆரம்பித்தார்கள். படம் பார்ப்பதற்கு இல்லை, புருஷன்களுக்குக் காட்டுவதற்கு! காசிமேட்டிலிருந்து மீன் எடுத்து வந்து தெருவில் விற்கும் எலிசா அக்கா, கூடையைக்கூட இறக்காமல் "அந்த லோகு சீடி கீதா, குடு" என்றார். அவர் வீட்டுக்காரரும் லோகு பெயரைச் சொல்லிக் குடிக்கிறவர்தான். எங்கள் தெருவில் லோகு பெயரைச் சொல்லாமல் குடித்தவர் யார்?

மறுநாள் சீடியைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது அக்காவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். கூடைத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். அவர் வீட்டுக்காரர் முழுசாகப் பார்த்தாராம். பார்த்துவிட்டு, காசு கொடுத்துப் பேச வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி எழுந்து போய்விட்டாராம், நேரே பிராந்திக் கடைக்கு. என் வீட்டிலும் இப்படித்தான் முடியுமோ? எலிசா அக்கா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே கேட்டார்: "உசுரோட கீற நான் சொன்னா நம்பல. செத்தவன் பொண்டாட்டி சொன்னாலும் நம்பல. அப்போ யாருதான்டி சொல்லணும் இவனுங்களுக்கு, லோகுவே எந்திரிச்சி வரணுமா?"

மன்றத் தலைவரின் கஷ்டம்

நினைவு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மன்றத் தலைவர் பாபு நாலைந்து பேரோடு வந்து, அந்தச் சீடி இனி வெளியே போகக் கூடாது என்றார். நான் முடியாது என்றேன். கூட வந்த ஒருத்தன் ஷட்டரை ஓங்கி உதைத்தான். தூளியில் பாப்பா வீறிட்டது. எனக்கு வந்ததே கோபம்! பாப்பாவைத் தூக்கி பாபுவின் கையில் திணித்து, "எழுப்புனது நீங்க, தூங்க வெச்சிட்டுப் போங்க" என்றேன். அவரும் பிள்ளை பெற்றவர்தானே, தோளில் போட்டுத் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

தட்டத் தட்ட ஆள் இறங்கிவிட்டார். கிளாஸோடு லோகு நிற்கிற மாதிரி போஸ்டர் அடித்தாகிவிட்டதாம், எர்ணாவூர் வரைக்கும் ஒட்டியாகிவிட்டதாம். லோகுவின் மனைவியைப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தாராம். லோகு குடித்தார் என்று பொய் சொல்லச் சொல்லிக் கேட்டதற்கு, அந்த அம்மா மோர் கொடுத்து அனுப்பிவிட்டாராம். பாப்பா தூங்கியதும் மெதுவாகத் தூளியில் போட்டுவிட்டு, மற்றவர்கள் காதில் விழாமல் என்னிடம் சொன்னார்: "வாசனையே ஆவாத மனுசன் தலையில வருசா வருசம் ஊத்திகீறேன் தங்கச்சி. கனவுல வந்து 'இன்னாடா ஊத்துன'ன்னு கேட்டார்னா நான் இன்னா பதில் சொல்றது?"

எங்கள் வீட்டில்

தெருவே பார்த்துவிட்ட படத்தை எங்கள் வீட்டுக்காரர் மட்டும் பார்க்கவில்லை. சீடி டிவியில் ஓடினால் எழுந்து வெளியே போய்விடுவார். நானும் வற்புறுத்தவில்லை. ஏன் தெரியுமா? பயம். எலிசா அக்கா வீட்டில் நடந்த மாதிரி, பார்த்துவிட்டும் 'பொய்' என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு எனக்குச் சொல்ல என்ன இருக்கிறது? பார்க்காமல் இருக்கிற வரைக்குமாவது ஒரு நம்பிக்கை மிச்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் பாப்பாவுக்குச் சொட்டு மருந்து போட்டுவிட்டுத் திரும்பினேன். கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே லோகுவின் மனைவி குரல். குனிந்து பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து, பூண்டு உரிக்கிற அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை தரமோ. கத்துவார், சீடியை உடைப்பார் என்று நினைத்து நான் வாசலிலேயே நின்றேன். அவர் டிவியை அணைத்துவிட்டு, நான் வந்திருப்பது தெரிந்தும் திரும்பாமல் கேட்டார்: "அவுரு குடிக்கல. சரி. அப்போ நானு யாரைப் பாத்துக்கினு குடிச்சேன்?"

முகத்துவாரக்குப்பத்துச் சாவு

அடுத்த நாலைந்து நாள் எங்கள் வீட்டுக்காரர் இருந்தது காய்ச்சல்காரன் இருந்த மாதிரிதான். வியர்த்துக் கொட்டும், தட்டில் கை வைத்தால் தட்டு ஆடும். குடிக்கிறாரா, விட்டுவிட்டாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அப்போதுதான் முகத்துவாரக்குப்பத்தில் ஒரு பெரிய மீனவர் இறந்துபோய்ப் பாடக் கூப்பிட்டார்கள். தெரிந்த குடும்பம், நானும் பாப்பாவோடு போனேன். சாவு வீட்டில் பாட்டுக்காரருக்குப் பாட்டிலும் கிளாஸும் கொடுப்பது மரியாதை. கொடுத்தார்கள். அவர் பாட்டிலை வாங்கிப் பக்கத்தில் டோலக்குக்காரரிடம் தள்ளிவிட்டு, பாட ஆரம்பித்தார்.

முதல் பாட்டு ஏறவே இல்லை. குரல் பாதியில் உடைந்தது, அடுத்த அடி மறந்துவிட்டது. கூட்டத்திலிருந்து ஒருத்தர், "இன்னா மாமு, இன்னிக்கு இன்னும் ஏத்திக்கலயா?" என்றார். இன்னொருத்தர், "போடாத ஆளுகிட்ட பாட்டு எங்கருந்து வரும், வேற ஆள இட்டாந்து பாட வைங்கபா" என்றார். சிரித்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து பந்தலுக்குப் பின்னால் போனார். பாட்டிலைத் தேடித்தான் போகிறார் என்று எனக்கு உயிரே போய்விட்டது. பாப்பாவை இடுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். பாட்டில் இல்லை. தண்ணீர்க் குடத்துப் பக்கத்தில் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார், கை நடுங்கியதில் பாதித் தண்ணீர் சட்டையில்.

புருஷன் குடிக்கிறான் என்று ஊரிடம் அழுத பெண்டாட்டிகள் எங்கள் பக்கம் ஆயிரம் பேர் இருக்கிறோம், ஆனால் குடித்திருக்கிறான் என்று ஊரிடம் சந்தோஷமாகப் பொய் சொல்லக் கிளம்பியவள் நான் ஒருத்திதான், ஏனென்றால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்து கேட்டது இதைத்தான்: "செல்வி, நீ போயி முன்னாடி குந்திக்கோ. யாராச்சும் கேட்டா, வூட்லயே நல்லா போட்டுக்கினுதான் வந்தாருன்னு சொல்லிடு. இல்லன்னா பாட வுட மாட்டானுங்கோ."