இருப்பதிலேயே குறுகலான சோக்

நியூசிலாந்தின் பாபகூராவில் நான் வேலை பார்த்த துப்பாக்கிக் கடைக்கு ஒரு தமிழர் சனிக்கிழமைதோறும் வருவார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதிக் கீற்று. குண்டுகள் சிதறாமலிருக்கத் துப்பாக்கி முனையில் திருகும் சோக் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்ப்பார். ஆபீஸ் வெள்ளைக்காரர்கள் வான்கோழி வேட்டைக்குக் கூப்பிடப்போகிறார்களாம். லைசென்ஸ்கூட எடுத்துவிட்டார்.

கடைசியில் இருப்பதிலேயே குறுகலானதை வாங்கினார். "இதுன்னா சிதறாது. பக்கத்துல நிக்கிறவங்க மேல பட்டுடக்கூடாதுல்ல?"

"எவ்வளவு தூரத்துல சுடுவீங்க சார்?" என்று கேட்டேன்.

"அவங்க கூப்பிட்டாத்தானே தெரியும்."

அடுத்த வருஷமும் வந்தார். கையோடு கொண்டுவந்த பழைய குழாயில் புகைக்கறையே இல்லை.

"இதைவிடக் குறுகலா இருக்கா?" என்றார்.

கூப்பிடவே கூப்பிடாத அந்த மனிதர்கள் மேல் ஒரு குண்டுகூடப் பட்டுவிடக்கூடாதென்று அவருக்கு அப்படியொரு கவலை.