மனசில் பட்டதைச் சொல்லச் சொன்னவள்

பாண்டிச்செல்வி என்கிற பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஏழாயிரம்பண்ணைக்குப் போகிற பட்டாசுக் கம்பெனி வேனுக்குள்ளே. அப்போது அவள் பிறந்து மூணு மாசம்கூட ஆகவில்லை. அவளைப் பெற்ற மாடத்தி எனக்கு நாத்தனார் முறை, என் வீட்டுக்காரருக்குச் சின்னையா மகள். பிள்ளை பெற்ற உடம்போடு அவள் திரும்ப வேலைக்கு வந்த அன்றைக்கு, என்ன பேர் வைத்தாய் என்று வேனில் இருந்தவர்கள் கேட்டோம். சொன்னாள். நல்ல பேருதான், இன்னும் பதினைந்து வருசத்தில் நம்ம பக்கத்தில் உட்கார்ந்து வெடிக்குத் திரி வைக்க ஒரு ஆள் வந்தாச்சு என்று நான் விளையாட்டாகச் சொன்னேன். மாடத்தி சிரிக்கவில்லை.

"எம் மகளப் பட்டாசு மருந்துல கை வைக்க விடமாட்டேன் மதினி" என்றாள்.

சொன்னபடியே வளர்த்தாள். ரெண்டு பஸ் மாறி விருதுநகர் காலேஜுக்குப் போய் பாண்டிச்செல்வி இங்கிலீஷில் பி.ஏ. முடித்தாள். எங்கள் வகையறாவில் அதுவரை பத்தாவதைத் தாண்டிய பொம்பளைப் பிள்ளை கிடையாது. டீச்சர் ஆக வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அதற்கு மேற்கொண்டு பி.எட். படிக்கவேண்டுமாம். அதற்குக் கட்டப் பணம் இல்லாமல் ஒரு வருசம் வீட்டில் இருந்தாள்.

எனக்கு அப்போது மூட்டு வலி. பட்டாசு வேலையை விட்டுவிட்டு, ஆமத்தூரைத் தாண்டி சிவகாசி ரோட்டில் இருக்கிற ராஜபாண்டியன் அண்ணாச்சியின் பட்டாசுக் கடையில் கூட்டிப் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சீசன் வந்தால் பெங்களூர், ஹைதராபாத் என்று கார் காராக வந்து நிற்கும். வருகிறவர்கள் இங்கிலீஷில் கேட்பார்கள், நம்ம பிள்ளைகள் ஊமை மாதிரி நிற்கும். அண்ணாச்சி அதைச் சொல்லிப் புலம்பினபோது, எங்க வீட்டுப் பிள்ளை ஒண்ணு இருக்கு என்று சொல்லி பாண்டிச்செல்வியைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். தீபாவளி வரைக்கும் கடைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும், யாவாரம் நல்லபடியா முடிந்தால் பி.எட்.டுக்கு நானே பணம் கட்டுகிறேன் என்றார் அவர். "நீதான் சாட்சி ராக்காயி" என்று என்னைப் பார்த்தும் சொன்னார்.

காலையில் கடை திறக்குமுன் ஒரு மணி நேரம் வகுப்பு. பின்னால் அட்டைப்பெட்டி அடுக்குகிற ஷெட்டில் எட்டுப் பிள்ளைகள் உட்காரும். நானும் வாருகோலை வைத்துவிட்டுக் கடைசியில் உட்கார்ந்துகொள்வேன். அச்சாபீசில் கழித்துப் போட்ட காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பாண்டிச்செல்வி பெரிது பெரிதாக எழுதி ஒட்டுவாள். கத்தரிக்காய், வளையல், பிளாஸ்டிக் குடம் என்று வீட்டிலிருந்து கொண்டுவந்து பரப்பி, ஒருத்தி கடைக்காரி, ஒருத்தி வாங்க வந்தவள் என்று நிறுத்துவாள். வாங்க வந்தவள் "ஹவ் மச்" என்று கேட்க வேண்டும். கடைக்காரி விலை சொன்னதும் "டூ காஸ்ட்லி" என்று முகத்தைச் சுளிக்க வேண்டும். முகம் சுளிக்க எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அது ரெண்டே நாளில் வந்துவிட்டது. செல்லத்தாய் என்கிற பிள்ளைதான் ஒரு சந்தேகம் கேட்டது. பட்டாசு டப்பாவில் ஆயிரம் என்று போட்டிருக்கிறது, தள்ளுபடி என்று சொல்லி இருநூறுக்குக் கொடுக்கிறோம், இங்கிலீஷில் எதை விலை என்று சொல்ல என்று. பாண்டிச்செல்வி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அதை அண்ணாச்சியிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றாள். ஷெட்டே சிரித்தது.

வராமல் போனது வேறு ஒன்று. "வாட் டூ யூ திங்க்" என்று கேட்டால், நீ என்ன நினைக்கிறாய் என்று அர்த்தம். சேலையைக் காட்டிக் கேட்டாலும் சொத்தைக் கத்தரிக்காயைக் காட்டிக் கேட்டாலும் எல்லாரும் "நைஸ்" என்றே சொன்னோம். என்ன நினைக்கிறாய் என்று எங்களிடம் யார் கேட்டிருக்கிறார்கள்? அவள் விடவில்லை.

"எல்லாத்துக்கும் நைஸ்னு சொன்னா முட்டை மார்க்குதான் போடுவேன். மனசுல பட்டதச் சொல்லுங்க. யாரும் உங்கள அடிக்கப் போறதில்ல."

என் முறை வந்தபோது தன் சேலையைத் தொட்டுக் காட்டி, இது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். வெளுத்துப்போன ரோஸ் சேலை. எனக்கு ஒரு மிதப்பு. "ஐ டோண்ட் லைக். ஓல்டு" என்றேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. அவளும் சிரித்து, "அத்தைக்குப் பத்துக்குப் பத்து" என்று தாளில் எழுதினாள். வாருகோலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்த பிறகுதான் அந்தச் சேலையின் கரை எனக்கு ஞாபகம் வந்தது. ரொம்ப வருசம் நான் கட்டிக் கழித்து மாடத்திக்குக் கொடுத்த சேலை அது. பாண்டிச்செல்விக்கும் அது தெரியும். அன்றைக்கு முழுக்க அவள் முகத்தைப் பார்க்காமலே வேலை செய்தேன். அதோடு போயிருந்தால்கூடத் தேவலை.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது பெங்களூரிலிருந்து ஒரு அம்மாவும் அவங்க வீட்டுக்காரரும் வந்தார்கள். அடுக்குமாடியில் குடியிருக்கிற நூறு வீட்டுக்கும் சேர்த்து வாங்குகிறார்களாம். கடையில் நிற்க இடமில்லை, பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா ஒரு புஸ்வாணப் பெட்டியைக் கையில் எடுத்து, பக்கத்தில் தூசி தட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துச் சிரித்து என்னவோ கேட்டார்கள். அதில் "வாட் டூ யூ திங்க்" மட்டும் எனக்குப் புரிந்தது.

அது போன வருசச் சரக்கு. மழையில் நனைந்தது. நான்தான் ரெண்டு நாள் வெயிலில் பரப்பி அள்ளினேன், பிறகு புதுப் பெட்டிக்கு மாற்றினார்கள். காரில் வந்த ஒருத்தர் என்னிடம் கருத்துக் கேட்டு அதுவரை நான் கண்டதில்லை. வாய் தானாக வந்துவிட்டது.

"ஐ திங்க் ஓல்டு. லாஸ்ட் இயர். ரெயின். நாட் நைஸ்."

அந்த அம்மா பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தார்கள். வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். எடுத்து வைத்த சரக்கு அம்புட்டையும் அப்படியே போட்டுவிட்டு, உங்க கடை ஆளுகளே பழைய சரக்கு என்று சொல்கிறார்கள் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

அண்ணாச்சி அன்றைக்குச் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு எல்லாரையும் நிறுத்தி, பழைய சரக்கு என்று சொன்னது யார் என்று கேட்டார். செல்லத்தாய் என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தது. அந்த அம்மா வந்திருந்தபோது பாண்டிச்செல்வி பில் போடுகிற மேஜையில் ஒத்தாசைக்கு நின்றிருந்தாள். அவளும் பார்த்திருந்தாள். அண்ணாச்சியின் கண் ஒவ்வொருத்தராகத் தாண்டி என்னிடம் வந்தது.

"எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மனசுல பட்டதச் சொல்லணும்னு இந்தப் பிள்ளைகளுக்கு டீச்சர்தான சொல்லிக் குடுத்துச்சு."

பாண்டிச்செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. வகுப்பில் நான் ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றால் காத்திருப்பாளே, அப்படிக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். நான் குனிந்து வாருகோலை எடுத்துக்கொண்டேன்.

"ஆமா அண்ணாச்சி, நாந்தான் சொல்லிக் குடுத்தேன். இவுகள ஒண்ணும் சொல்லாதீக" என்றாள்.

நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார் அவர். பி.எட். பேச்சை எடுக்க அவளும் நினைக்கவில்லை, சாட்சிக்காரி நானும் எடுக்கவில்லை. ஷெட்டில் ஒட்டியிருந்த காலண்டர் தாள்களைக் கிழியாமல் உரித்துச் சுருட்டிக்கொண்டு, "வாரேன் அத்தை" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

வேலை போய்விடும் என்ற பயத்தில்தான் அப்படிச் சொன்னேன் என்று கொஞ்ச காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிதான் நிசம். கிழவிக்கு இங்கிலீஷ் ஒரு கேடா என்று அத்தனை பேர் முன்னால் அவர் கேட்டுவிடுவாரே என்கிற வெட்கம் மீதிப் பாதி. என் வெட்கத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவள் படிப்பைக் கொடுத்தேன்.

மாடத்திக்கு இன்றைக்குவரை விசயம் தெரியாது. பாண்டிச்செல்வி சொல்லவில்லை. எங்கே பார்த்தாலும் மாடத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்ல எடந்தான் காட்டுனீக மதினி, அவளுக்குக் குடுத்து வைக்கல" என்கிறாள். ஊருக்குள் அவள் வருகிற தெருவைவிட்டு நான் வேறு தெருவில் போகிறேன்.

போன பங்குனியில் மாரியம்மன் கோயில் பொங்கலுக்குப் பாண்டிச்செல்வி ஊருக்கு வந்தாள். விருதுநகரில் ஒரு புதுச் சேலை எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். வழியெல்லாம் என்னென்னவோ சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். மாடத்தி கோயிலுக்குப் போயிருந்தாள், வீட்டில் அவள் ஒருத்திதான். வெளிச்சத்தில் பிரித்தபோதுதான் தெரிந்தது, கண்ணைக் குத்துகிற மஞ்சள், அவள் நிறத்துக்கு ஒட்டவே ஒட்டாது. சேலையை அவள் கையில் கொடுத்து, "வாட் டூ யூ திங்க்" என்றேன்.

அவள் கரையை ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

"நைஸ் அத்தை" என்றாள்.

மனசில் பட்டதைச் சொல் தாயி என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பாண்டிச்செல்வி இப்போது திருப்பூரில் இருக்கிறாள். ஒரு பனியன் கம்பெனியில் துணி மடித்துப் பெட்டியில் அடுக்குகிறாள்.